உளுந்து அளப்பதில் பின்னம், மின் கட்டணத்தில் தசமம்: வீட்டு வேலைகளின் வழியே பள்ளிப் பாடம்

வீட்டில் நடக்கும் வேலைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடத்தைப் புரியவைக்கலாம் என்று சொன்னால், பல பெற்றோர் உடனே செய்வது காய் நறுக்கும் நேரத்திலும் வாய்ப்பாடு கேட்கத் தொடங்குவதுதான். இரண்டே நாளில் அது பிள்ளைக்கும் சலித்துவிடும், கேட்கிறவருக்கும் சலித்துவிடும். அந்த வேலைக்கும் அந்தக் கேள்விக்கும் தொடர்பே இல்லாததுதான் காரணம். இந்த வழிகாட்டி முன்வைக்கும் முறை எளியது: வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும், பிள்ளை அளக்கிற அளவையும், எழுதுகிற சொல்லையும், போடுகிற கணக்கையும் நம்பித்தான் அந்த வேலை முடிய வேண்டும். தான் அளந்த உளுந்தில்தான் நாளைக் காலை வீட்டில் எல்லோருக்கும் இட்லி என்று தெரிந்த பிள்ளை, அளவைக் கவனமாகத்தான் பார்க்கும்.

இதற்குப் பெற்றோர் ஆசிரியராக மாற வேண்டியதில்லை. அதிகம் படித்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முன்னேற்பாடு ஒன்றே ஒன்றுதான். பருவத் தொடக்கத்தில் பிள்ளையின் பாடநூலை எடுத்துப் பொருளடக்கப் பக்கத்தை ஒருமுறை படித்து வையுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பலவற்றில் பாடத் தலைப்புக்கு எதிரே அது நடத்தப்படும் மாதமும் அச்சிடப்பட்டிருக்கும். அளவைகள் பாடம் வரும் மாதத்தில் மாவுக்கு அளக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்தால், வகுப்பில் ஆசிரியர் சொல்வது ஏற்கெனவே கைப்பழக்கமான ஒன்றாக இருக்கும். அரசுப் பள்ளிகளில் 2022 ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமே பொருள்களைக் கையாண்டும் ஆடியும் பாடியும் நடப்பதால், அவர்களுக்கு வீட்டு வேலை பள்ளியின் தொடர்ச்சியாகத் தோன்றும். 6 ஆம் வகுப்புக்கு மேல் பாடம் பெரும்பாலும் தாளுக்குப் போய்விடுகிறது. உண்மையில் அந்த வயதில்தான் வீட்டின் உதவி கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அடுக்களையில் கணக்கு

இட்லி மாவுக்குப் பொதுவாக நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது கணக்கு. நான்கு டம்ளர் அரிசி ஊறவைக்கும் நாளில் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாள் டப்பாவில் மூன்று டம்ளர் அரிசிதான் இருக்கும். அப்போது உளுந்து எவ்வளவு என்று பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். "ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் உளுந்து, அப்படியானால் மூன்றுக்கு மூன்று கால்" என்று பிள்ளை தானாக வந்து சேரும் இடம்தான் முக்கால் என்னும் பின்னம். விருந்தினர் வரும் நாளில் ஆறு டம்ளர் போட்டால் ஒன்றரை டம்ளர் உளுந்து என்பது விகிதம். இதையே தாளில் எழுதிக் கேட்டால் தடுமாறுகிற பிள்ளை, டம்ளரைக் கையில் பிடித்திருக்கும்போது பெரும்பாலும் தடுமாறுவதில்லை.

கால் டம்ளரைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்ற சிக்கலும் உடனே எழும். டம்ளர் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால், உயரத்தில் பாதி வரை நிரப்பியது கொள்ளளவில் பாதி ஆகாது. அப்படிப்பட்ட டம்ளரின் பாதி உயரம் வரை தண்ணீர் ஊற்றி, அதை வேறொரு பாத்திரத்தில் சேர்த்து, மறுபடியும் அதே உயரம் வரை ஊற்றிச் சேர்த்து, பிறகு அந்தத் தண்ணீர் முழுவதையும் டம்ளரிலேயே திரும்ப ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்: டம்ளர் நிரம்பாமல் நிற்கும். உயரமும் கொள்ளளவும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எதுவும் பாடநூலில் கிடையாது.

அரைத்த மாவைப் பாத்திரத்தில் ஊற்றியதும், மாவின் மட்டம் தெரியும்படி வெளிப்புறத்தில் ஒரு நூலைக் கட்டச் சொல்லுங்கள். காலையில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று இரவே ஊகித்துச் சொல்லட்டும். அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிரிகள் மாவைப் புளிக்கவைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வாயு உண்டாகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்தக் குமிழிகளை வெளியேற விடாமல் பிடித்துக்கொள்வதால் மாவு பொங்குகிறது. சித்திரை மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கும் மாவு மார்கழியில் விடியும் வரை அசையாமல் கிடப்பது ஏன் என்ற கேள்விக்குப் பிள்ளையே விடை கண்டுபிடிக்க, ஒரு கிண்ணம் மாவைக் குளிர்பெட்டியிலும் இன்னொரு கிண்ணத்தை அடுப்பு மேடையிலும் வைத்தால் போதும்.

எரிவாயு உருளை வரும் நாளும் ஒரு பாடநாள்தான். வீட்டு உபயோக உருளையில் 14.2 கிலோ எரிவாயு இருக்க வேண்டும். காலி உருளையின் எடை அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். அது 15.8 கிலோ என்றால் மொத்தம் 30 கிலோ இருக்க வேண்டும் என்று கூட்டிப் பார்த்து, உருளை கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லும் பொறுப்பைப் பிள்ளைக்குக் கொடுங்கள். உருளையின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டை ஒன்றில் ஏ, பி, சி, டி ஆகிய நான்கு எழுத்துகளில் ஒன்றும் ஒரு ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். உருளையை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலாண்டின் முடிவு அது. உருளை மாற்றிய தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்தால், அது 40 நாள் வந்தது என்றால் ஒரு நாளைக்கு 355 கிராம் எரிந்திருக்கிறது என்ற வகுத்தல் கணக்கும் கிடைக்கும்.

அடுக்களையில் அறிவியல்

தயிர் தோய்ப்பதைப் போல ஒழுங்கான அறிவியல் சோதனை வீட்டில் வேறொன்று இல்லை என்பது என் கருத்து. ஒரே அளவுள்ள மூன்று கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் வெதுவெதுப்பான பாலும் ஒரு தேக்கரண்டி மோரும். இரண்டாவதில் கொதித்து இறக்கிய சூட்டோடு பாலும் அதே அளவு மோரும். மூன்றாவதில் வெதுவெதுப்பான பால் மட்டும், மோர் இல்லாமல். மூன்றையும் மூடி ஒரே இடத்தில் வைக்க வேண்டும். எந்தக் கிண்ணத்தில் என்ன ஆகும் என்று பிள்ளை தன் கையால் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகட்டும். காலையில் முதல் கிண்ணம் தோய்ந்திருக்கும். இரண்டாவதில் மோரில் இருந்த பாக்டீரியாக்கள் சூட்டில் பெரும்பாலும் இறந்துபோயிருப்பதால் பால் சரியாகத் தோய்ந்திருக்காது. மூன்றாவது, வெயில் காலமானால் கெட்டுப்போய்த் திரிந்திருக்கக்கூடும். அது தயிர் அல்ல என்பதை மணமே சொல்லிவிடும், குடித்துப் பார்க்க விட வேண்டாம். ஒரு சோதனையில் ஒரே ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்ற பெரிய விதியை, பெயர் சொல்லாமலேயே பிள்ளை இங்கே கற்றுக்கொள்கிறது.

அமிலம், காரம் பற்றிய பாடத்துக்கு மஞ்சள் தூள் போதும். வெள்ளைச் சட்டையில் குழம்பு பட்ட இடத்தில் சோப்பைத் தேய்த்ததும் மஞ்சள் கறை சிவப்பாக மாறுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். பாடநூல் அதைத்தான் இயற்கை நிறங்காட்டி என்கிறது. அந்தச் சிவப்பின் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மஞ்சள் திரும்பிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும் இதே வேதிவினைதான். தோட்டத்தில் செம்பருத்தி இருந்தால், இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறு எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பாகவும் சோப்பு நீர் பட்டால் பச்சையாகவும் மாறுவதைக் காட்டலாம். சுண்ணாம்பைச் சிறுவர் கையில் கொடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்பு நீரே போதுமானது.

பிரஷர் குக்கரில் பருப்பு ஏன் விரைவாக வேகிறது என்ற கேள்வி மேல்வகுப்புப் பிள்ளைக்கு ஏற்றது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். குக்கருக்குள் அடைபட்ட ஆவியின் அழுத்தத்தால் கொதிநிலை ஏறக்குறைய 120 டிகிரி வரை உயர்கிறது. உதகமண்டலத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 100 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடுகிறது. சூடு போதாமல் சோறு வேக நேரமாகிறது. இரண்டும் ஒரே விதியின் இரண்டு முனைகள். செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவது, மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவது, மண்பானைத் தண்ணீர் குளிர்வது ஆகியவற்றையும் இதே முறையில், அந்த வேலை நடக்கும் நேரத்தில் ஒரு கேள்வியாக மட்டும் எழுப்பினால் போதும்.

வாசலில் கோலம்

புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்கள் அதில் உள்ள கணக்கைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நேர்ப்புள்ளியில் ஏழிலிருந்து ஒன்று வரை வைக்கும் கோலத்தில் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று அமையும். எல்லாப் புள்ளிகளையும் எண்ணினால் 25. இப்போது நடு வரிசை வரை மட்டும் கூட்டச் சொல்லுங்கள்: 1, 3, 5, 7 சேர்ந்து 16. மீதமுள்ள 5, 3, 1 சேர்ந்து 9. பதினாறு என்பது நான்கின் வர்க்கம். ஒன்பது என்பது மூன்றின் வர்க்கம். அடுத்த நாள் ஒன்பது புள்ளியில் தொடங்கினால் 25 உம் 16 உம் சேர்ந்து 41 புள்ளிகள். ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்ற விதியை இங்கே பிள்ளை தன் விரலால் மாவில் வைத்தே கண்டுகொள்ளலாம். சமச்சீர்க் கோடு எது, எத்தனை என்பதற்கும் கோலத்தைவிட நல்ல படம் வேறெதற்கு? கோலம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்குகிற வீடுகளில் ஆண்பிள்ளைகள் ஒரு நல்ல வடிவியல் பாடத்தை இழக்கிறார்கள். அடுக்களைக்கும் இதே கதைதான்.

மளிகைச் சீட்டும் பாட்டியின் பக்குவமும்

மொழிப்பாடத்துக்கு மிகவும் பயன்படும் தாள் மளிகைச் சீட்டு. வீட்டில் என்ன தீர்ந்திருக்கிறது என்று நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். வெல்லம், வெள்ளைப்பூண்டு, மிளகு, கடலை, உளுந்து, பெருங்காயம், புழுங்கலரிசி: ல, ள, ழ, ர, ற, ன, ண ஆகிய எழுத்துகளில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடமெல்லாம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. "வெள்ளம் அரைக் கிலோ" என்று எழுதியிருந்தால் அப்போதே திருத்தாமல், கடைக்காரரிடம் நீட்டி அவரையே படிக்க விடலாம். அவர் சிரித்துக்கொண்டே கேட்கும் ஒரு கேள்வி, சிவப்பு மையால் போட்ட பத்துச் சுழியைவிட நீண்ட நாள் நினைவிருக்கும். பிள்ளை கூச்ச சுபாவமுள்ளதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாமல் வீட்டிலேயே மெல்லத் திருத்திவிடுங்கள். திரும்பி வந்ததும் ரசீதை வாங்கிக் கூட்டிப் பார்ப்பதும் மிச்சப் பணத்தைச் சரிபார்ப்பதும் பிள்ளையின் வேலையாகவே இருக்கட்டும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாட்டியின் சமையல் குறிப்பு ஒன்றை எழுதித் தரச் சொல்வது நல்ல பயிற்சி. பாட்டி "ஒரு கைப்பிடி பருப்பு, நெல்லிக்காய் அளவு புளி, உப்புத் திட்டமா போட்டுக்கோ" என்றுதான் சொல்வார். கைப்பிடி என்பது எத்தனை கிராம், நெல்லிக்காய் அளவு என்பது எவ்வளவு என்று சமையலறைத் தராசில் நிறுத்து எழுத வேண்டும். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்க வேண்டும். செய்முறையை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வேறொருவர் சமைத்துப் பார்த்தால், விட்டுப்போன படி எது என்பது தானே வெளிப்பட்டுவிடும். பூக்கடையில் முழம் போடுவதையும் இதோடு சேர்க்கலாம். பூக்காரம்மாவின் முழத்தையும் தன் முழத்தையும் அளவுநாடாவில் அளந்து பார்க்கும் பிள்ளைக்கு, ஊருக்கெல்லாம் பொதுவான அளவு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கிவிடும்.

ஆங்கிலத்துக்குப் பெரிதாக ஒன்றும் திட்டமிட வேண்டாம். பொட்டலங்களின் மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் சேர்மானங்களையும் படித்துச் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தால் சொல்வளம் தானாக ஏறும்.

மின்மானியும் மின் கட்டணமும்

5 ஆம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைக்கு வீட்டு மின்மானியைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். எதையும் தொடாமல், எட்ட நின்று எண்ணை மட்டும் குறிக்க வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு வாரம் குறித்து, நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்தால் அன்றாடச் செலவு வந்துவிடும். துணி தேய்த்த நாளிலோ சுடுநீர்க் கருவி ஓடிய நாளிலோ எண் ஏன் எகிறியது என்பதைப் பிள்ளையே துப்பறியட்டும். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்ற ஒரே விதி போதும். 1,000 வாட் தேய்ப்புப் பெட்டி ஒரு மணி நேரத்தில் தின்னும் மின்சாரத்தில், 75 வாட் மின்விசிறி 13 மணி நேரத்துக்கு மேலும், 9 வாட் எல்இடி விளக்கு 111 மணி நேரமும் ஓடும். "விளக்கை அணை, விளக்கை அணை" என்று நாள் முழுதும் கத்துகிற பெற்றோருக்கும் இந்தக் கணக்கு சற்று அறிவு தரும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது; முதல் 100 யூனிட் இலவசம்; அதற்கு மேல் அடுக்கடுக்காக விகிதம் ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், அதற்குக் கீழே உள்ள ஓர் அடுக்குக்கும் சேர்த்தே விகிதம் கூடிவிடும் என்பதால், 500 இல் நின்ற வீட்டுக்கும் 501 ஐத் தொட்ட வீட்டுக்கும் கட்டணத்தில் ஒரே யூனிட்டுக்குரிய வேறுபாடு மட்டும் இருப்பதில்லை. நடப்பு விகிதத்தை வாரிய இணையதளத்தில் பார்த்து, ரசீதில் உள்ள தொகையைப் பிள்ளை தாளில் போட்டுச் சரிபார்க்கட்டும். தசமம், பெருக்கல், அடுக்குமுறை ஆகிய மூன்றும் இந்த ஒரு தாளில் அடங்கிவிடுகின்றன.

மொட்டை மாடியில் மழையும் நிழலும்

ஐப்பசி மழை பிடித்ததும், பக்கங்கள் நேராக உள்ள, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு பாத்திரத்தை மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். நிரம்பிய உயரத்தை அடிக்கோலால் மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே மழை அளவு. வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தைக் கணக்கில் எடுப்பதால், நீங்களும் 8.30 மணிக்கே அளந்தால் செய்தித்தாளில் வரும் எண்ணோடு ஒப்பிடலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்த இரவில் அந்த மாடியில் மட்டும் ஏறத்தாழ 4,650 லிட்டர் விழுந்திருக்கிறது. கோடையில் தண்ணீர் லாரிக்குக் கொடுத்த பணத்தை நினைவில் வைத்திருக்கும் வீட்டில், மழைநீர் சேகரிப்பு பற்றிய பாடத்தை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வெயில் நாளில் ஒரு குச்சியை நேராக நட்டு, அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் கரித்துண்டால் குறிக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல் விழும் நேரம் பெரும்பாலான நாட்களில் சரியாக 12 மணியாக இராது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதும், சென்னை அதற்கு மேற்கே இருப்பதும் இதற்கு ஒரு காரணம். சென்னையில் ஏப்ரல் 24 ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18 ஐ ஒட்டியும் நண்பகலில் குச்சிக்கு நிழலே விழாத நாள் வரும். தெற்கே போகப் போக அந்தத் தேதிகள் மாறும். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே வாழ்வது என்றால் என்ன என்பது அன்று காலடியில் தெரியும்.

சமூக அறிவியலுக்கு, அடுக்களைச் சுவரில் ஒரு தமிழ்நாட்டு வரைபடத்தை ஒட்டி, தூத்துக்குடி உப்பு, ஈரோட்டு மஞ்சள், பண்ருட்டிப் பலா, நீலகிரி கேரட் என்று வீட்டுக்கு வரும் பொருளின் ஊரை வட்டமிட்டு வந்தால் போதும். கிராமத்தில் இருப்பவர்கள் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும் கிராமசபைக்குப் பிள்ளையையும் அழைத்துச் செல்லலாம்.

எப்படிக் கேட்பது, எங்கே நிறுத்துவது

கேள்வியை வேலை முடிந்த பின் கேட்காமல் தொடங்கும் முன் கேளுங்கள். "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்பதற்குப் பிள்ளை சொல்லும் விடை தவறாக இருந்தாலும் திருத்த வேண்டாம், பொங்காத மாவும் தோயாத பாலும் திருத்திக்கொள்ளும். உங்களுக்கே விடை தெரியாதபோது "எனக்கும் தெரியல, பாத்துடலாம்" என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. வந்த விருந்தாளியின் முன்னால் "மாமாவுக்குப் பின்னம் சொல்லிக் காட்டு" என்று மட்டும் நிறுத்திவைத்துவிடாதீர்கள். அன்றோடு அந்தப் பிள்ளை அடுக்களைப் பக்கமே வராது. ஒரு நாளைக்கு ஒரு வேலை, பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அடுப்பு, அரவை இயந்திரம், அரிவாள்மனை ஆகியவற்றின் அருகே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும் என்பதில் தளர்வு கூடாது.

வீட்டு வேலையால் ஆகாதவையும் உண்டு. வாய்ப்பாடு மனத்தில் நிற்பதற்கும், கையெழுத்து திருந்துவதற்கும், இயற்கணிதச் சமன்பாடு போடுவதற்கும் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பழகுவதைத் தவிர வழியில்லை. தேர்வு நெருங்கும் வாரத்தில் மழைமானியையும் மின்மானியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பாடநூலின் பயிற்சிக் கணக்குகளையே போடட்டும்.